எழுபதைத் தாண்டியும் டெஸ்டோஸ்டிரோன் ஊசியா?

நம்பிக்கை: "எழுபது வயசாச்சு, இனி எதுக்கு இந்த ஊசி? நிறுத்திரலாம்."

மேலூர், உசிலம்பட்டிப் பக்கம் பிள்ளைகள் இப்படிச் சொல்வதுண்டு. பெரியவரே கூச்சப்பட்டு நிறுத்திவிடுவதும் உண்டு. டெஸ்டோஸ்டிரோன் என்றாலே படுக்கையறைச் சமாச்சாரம் என்ற நினைப்புதான் காரணம். ஆனால் எலும்புக்கும் தசைக்கும் ரத்தச் சிவப்பணுக்களுக்கும் அது வேண்டும். பிட்யூட்டரி கட்டிக்கு ஆபரேஷன் செய்துகொண்டவர், பொன்னுக்கு வீங்கி தாக்கி விதைகள் சுருங்கிப்போனவர், கிளைன்ஃபெல்டர் என்ற குரோமோசோம் குறைபாட்டோடு பிறந்தவர் ஆகியோரில் சுரப்பு குறைந்துபோனவர்களுக்கு எண்பதிலும் அது பொதுவாகத் தானாகத் திரும்பப் போவதில்லை. வயதாகிவிட்டது என்று தைராய்டு மாத்திரையை யாரும் நிறுத்துவதில்லையே!

வெளியிலிருந்து ஹார்மோன் வந்துகொண்டே இருந்தால், விதைகளைச் சுரக்கச் சொல்லும் மூளையின் உத்தரவு அடங்கிவிடும். வேறு காரணத்துக்காகத் தொடங்கியவரும் சட்டென்று நிறுத்தினால் சோர்வும் மனத்தளர்ச்சியும் வரலாம். சொந்தச் சுரப்பு திரும்ப மாதக்கணக்கில் ஆகும். சிலருக்கு முழுதாகத் திரும்பாது. நிறுத்துவதானாலும் மருத்துவரைக் கேட்டே நிறுத்துங்கள்.

நம்பிக்கை: "ஊசி போட்டா இளமை திரும்பும்."

இந்த ஆசை பழையது. 1889-ல் பாரிஸில் 72 வயது மருத்துவ அறிஞர் பிரௌன்-செகார், நாய், கினிப்பன்றி ஆகியவற்றின் விதைச் சாற்றை ஊசியாகப் போட்டுக்கொண்டு, தெம்பு வந்துவிட்டதாக அறிவித்தார். அந்தச் சாற்றில் பலன் தரும் அளவுக்கு ஹார்மோன் இருந்திருக்க வழியில்லை. வயதோடு சுரப்பு மெல்லக் குறைவது உண்மைதான். ஆனால் 65 வயதைத் தாண்டிய, சுரப்பு குறைந்த 790 பேரிடம் அமெரிக்காவில் டெஸ்டோஸ்டிரோனைச் சோதித்து 2016-ல் வெளியான ஆய்வில், பாலுணர்வு ஓரளவு கூடியது. சோர்வு சொல்லும்படி குறையவில்லை.

நம்மூரில் பெரியவர்களின் அசதிக்குப் பின்னால் பெரும்பாலும் சர்க்கரை, தொப்பை, ரத்தசோகை, குறட்டையோடு மூச்சு அடைபடும் தூக்கம் இருக்கும். சர்க்கரையும் தொப்பையுமே டெஸ்டோஸ்டிரோனைக் குறைக்கும். எடை குறைந்தால் அது ஏறும். இதையெல்லாம் பார்க்காமல், லாட்ஜில் முகாம் போட்டு 'ஆண்மைக் குறைவு' என்று பயமுறுத்தி மருந்து விற்பவர்களை நினைத்தால் எனக்கு ஆத்திரம் வருகிறது. சரியான சோதனை எளியது: காலை 10 மணிக்குள், டீகூடக் குடிக்காமல், இரண்டு வெவ்வேறு நாள்களில் ரத்தம் கொடுக்க வேண்டும். அரசு மருத்துவமனையோ தனியார் லேபோ, சர்க்கரைக்குக் கொடுக்கும் அதே வெறும் வயிற்றில்தான். மாலையில் எடுத்த ஒரே ரிப்போர்ட்டை நம்பி ஊசி தொடங்கியவர், எழுபதிலாவது 'எனக்கு இந்த ஊசி தேவைதானா?' என்று மருத்துவரைக் கேட்கலாம்.

நம்பிக்கை: "மாரடைப்பு வரும், புரோஸ்டேட் புற்று வரும்."

டெஸ்டோஸ்டிரோனைச் சோதித்து 2023 முதல் முடிவுகள் வெளியான டிராவர்ஸ் ஆய்வில், இதயநோய் உள்ள அல்லது அதற்கு வாய்ப்பு அதிகமுள்ள 45 முதல் 80 வயதான 5,000-க்கும் மேற்பட்டோர் கலந்துகொண்டார்கள். மாரடைப்பு, பக்கவாதம் கூடவில்லை. ஆனால் தாறுமாறான இதயத்துடிப்பு, நுரையீரலில் ரத்தக்கட்டி, எலும்பு முறிவு ஆகியவை சற்று அதிகம். புரோஸ்டேட் புற்றும் கூடவில்லை. ஆனால் பிஎஸ்ஏ (புரோஸ்டேட் பற்றிய ரத்தச் சோதனை) அளவு உயர்ந்திருந்தவர்களை முதலிலேயே விலக்கிவிட்டார்கள். ஏற்கெனவே அந்தப் புற்று உள்ளவருக்கு இந்த ஊசி பொதுவாகக் கூடாது.

பலர் கவனிக்காமல் விடுவது ரத்தம் கெட்டிப்படுவதை. ஊசி போட்டுக்கொள்ளும் முதியவர்களிடம் இது அதிகம். ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கைக் காட்டும் பிசிவி என்ற வரியை ரிப்போர்ட்டில் பாருங்கள். 54 சதவீதத்தைத் தாண்டினால் அடுத்த ஊசியைத் தள்ளிவைத்து, காரணம் தேடி, அளவைக் குறைப்பார்கள். சித்திரை வெயிலில் உடம்பில் நீர் வற்றும்போது இந்த எண் இன்னும் ஏறும். தண்ணீர் குடிப்பதற்குக் கட்டுப்பாடு இல்லாதவர்கள் போதிய அளவு குடித்துவிட்டே ரத்தம் கொடுக்கப் போங்கள்.