கோளாறு கண்டு திரும்பும் விமானத்தில் பிரயாணி செய்யத்தக்கவை

வானில் ஏறிச் சிறிது நேரமே ஆன விமானத்தில், யந்திரக் கோளாறு காரணமாகப் புறப்பட்ட நிலையத்துக்கே திரும்புகிறோம் என்று அறிவித்துவிட்டு, இறங்காமல் வட்டமிடத் தொடங்கினால், உள்ளே இருப்பவர்களுக்குக் கோளாற்றைக் காட்டிலும் அந்தத் தாமதமே பெரும் பீதியைக் கொடுக்கும். 2024 அக்டோபர் 11ஆம் தேதி மாலை திருச்சியிலிருந்து சார்ஜாவுக்குக் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம், ஹைட்ராலிக் அமைப்பில் ஏற்பட்ட பழுதினால், 140-க்கும் மேற்பட்டோரைச் சுமந்துகொண்டு ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் அவ்வட்டாரத்து வானிலேயே சுற்றியபோது, கீழே ஆம்புலன்ஸ்களும் தீயணைப்பு வண்டிகளும் அணிவகுத்து நிற்க, செய்தி கேட்டவர்கள் எல்லாரும் கேட்ட கேள்வி, ஏன் இன்னும் இறக்கவில்லை என்பதுதான். கடைசியில் சக்கரங்கள் ஒழுங்காக விரிந்தன. இரவு எட்டேகால் மணியளவில் விமானம் வழக்கம்போலவே ஓடுபாதையைத் தொட்டது.

அக்கேள்விக்கு விடையை முன்னரே அறிந்து வைத்திருப்பது பிரயாணியின் முதற்காரியம். பதற்றத்தில் பாதி அதனாலேயே அடங்கிவிடும். அந்தத் திருச்சி விமானத்தைப் போன்ற போயிங் 737-800 ரக விமானம் ஏறத்தாழ 79 டன் எடையோடு மேலெழும்பலாம். ஆனால் அது இறங்குவதற்கு வகுக்கப்பட்ட வரம்போ ஏறத்தாழ 66 டன்தான். எடையைக் குறைக்க, பெரிய ரகங்கள் சிலவற்றில் எரிபொருளை ஆகாயத்திலேயே கொட்டிவிடும் வசதி உண்டு. 737-இல் அது கிடையாது, பறந்து பறந்து எரித்துத்தான் தீர்க்கவேண்டும். தீயோ புகையோ கண்டால், எடை வரம்பைப் பாராமல் உடனே இறக்கிவிடுவார்கள். ஆகவே வட்டமிடுதல் என்பது, விமானியின் கையில் அவகாசம் இருக்கிறது என்பதற்கு அடையாளமேயன்றி அபாயக் குறியன்று.

அந்த அவகாசத்தைப் பிரயாணியும் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். இருக்கைப் பட்டையை வயிற்றின்மேல் அன்றி, இடுப்பெலும்பின்மேல் தாழ்வாகவும் இறுக்கமாகவும் பூட்டிக்கொள்க. கழற்றி வைத்த செருப்பையோ ஷூவையோ மாட்டிக்கொள்க. குதிகால் உயர்ந்ததாயின், அதை மட்டும் கழற்றிவிடுக. கடவுச்சீட்டு, மூக்குக்கண்ணாடி, வேளை தவறாமல் உண்ணவேண்டிய மாத்திரை ஆகியவற்றைப் பையிலிருந்து எடுத்து உடம்போடு வைத்துக்கொண்டு, சட்டைப்பையில் உள்ள பேனாவையும் கூந்தலில் செருகிய ஊசியையும் அகற்றிவிடுவது நலம். புடவை உடுத்தியவர்கள் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொள்வார்களாக.

இவையெல்லாவற்றிலும் முக்கியமானதாக நான் கருதுவது ஒன்று உண்டு. உம்முடைய இருக்கையிலிருந்து முன்புற அவசர வழிக்கு எத்தனை வரிசை, பின்புற வழிக்கு எத்தனை வரிசை என்று எண்ணி மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். புகை சூழ்ந்துவிட்டால் கண் பயன்படாது. இருக்கைகளின் முதுகைக் கையால் தடவி, ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே போவதுதான் வழி. இதைக் கோளாறு வரும்வரை ஒத்திப்போடாமல், இருக்கையில் அமர்ந்தவுடனேயே செய்துவிடுகிறவர் உத்தமர். (தம் முகத்தைக் கைப்பேசியில் படம்பிடித்து உலகத்துக்கு அனுப்பிக்கொண்டிருப்பவர்களைப்பற்றி இங்கே ஒன்றும் சொல்வதற்கில்லை.)

காற்றழுத்தக் குறைவினால் பிராணவாயு முகமூடி தொங்கினால், அதைத் தம்பால் வெடுக்கென இழுத்து, வாயோடு மூக்கையும் சேர்த்து மூடிக்கொண்டு, பிறகே குழந்தைக்கு மாட்டவேண்டும். அதன் பை உப்பாவிட்டாலும் வாயு வந்துகொண்டுதான் இருக்கும். நீரில் இறங்க நேருமாயின், மிதவைச் சட்டையை அணியலாமேயொழிய, வாயிலைக் கடக்குமுன் அதில் காற்றேற்றலாகாது. 1996 நவம்பரில் கொமரோஸ் தீவருகே கடலில் விழுந்த எத்தியோப்பிய விமானத்தில், உள்ளேயே காற்றேற்றிவிட்டவர்கள் பலர் வெளிவர மாட்டாமல் மாண்டார்கள். தரையில் மோதலுக்கு ஆயத்தமாகும்படி உத்தரவு வந்தால், பாதங்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் தரையில் ஊன்றி, முன்னே குனிந்து, தலையை முன்னிருக்கையின் முதுகில் பதித்து, கைகளால் தலையைக் காத்துக்கொள்ள வேண்டும். விமானம் முற்றிலும் நிற்கும்வரை நிமிரக்கூடாது.

நின்றதும் எழுந்துவிடலாமா? பிரயாணிகள் பெரும்பாலும் தவறுவது இந்த இடத்தில்தான். 2010 நவம்பர் 4ஆம் தேதி, சிங்கப்பூரிலிருந்து சிட்னிக்குப் புறப்பட்ட குவாண்டாஸ் நிறுவனத்து ஏ380 விமானத்தின் யந்திரம் ஒன்று பாத்தாம் தீவின்மேல் வெடித்துச் சிதற, விமானியறையில் இருந்த ஐந்து விமானிகளும் பழுதறிவிப்புகளை ஒவ்வொன்றாகப் பரிசீலிக்கவே ஐம்பது நிமிஷத்துக்குக் குறையாமல் பிடித்தது. 469 பேருடன் சாங்கி நிலையத்தில் அவ்விமானம் இறங்கியபின், பிரேக்குகள் கனன்றுகொண்டிருந்தன. இறக்கையிலிருந்து எரிபொருள் ஒழுகியது. மற்றொரு யந்திரமோ, கம்பிகள் அறுந்துவிட்டபடியால், அணைத்தும் அணையாமல் மணிக்கணக்கில் ஓடிக்கொண்டே இருந்தது. தலைமை விமானி ரிச்சர்ட் டி கிரெஸ்பினி சறுக்குப்பாதைகளை விரிக்க உத்தரவிட்டிருந்தால், ஒழுகும் எரிபொருளின் நடுவிலும் ஓடும் யந்திரத்தின் அருகிலும் ஜனங்கள் போய் விழுந்திருப்பார்கள். வெளியைவிட உள்ளே இருப்பதே க்ஷேமம் என்று தீர்மானித்து, தீயணைப்போர் நுரையைப் பீய்ச்சும்வரை ஏறத்தாழ ஒரு மணி நேரம் அனைவரையும் இருக்கையிலேயே வைத்திருந்து, பிறகு ஒரே வாயில் வழியாகப் படிக்கட்டில் இறக்கினார். ஒருவருக்கும் காயம் இல்லை. ஆகவே, நின்றபின்னும் உட்கார்ந்திருங்கள் என்று சொன்னால், காரணம் கேட்டு மன்றாடாமல் உட்கார்ந்திருக்கவேண்டும்.

வெளியேறுங்கள் என்ற உத்தரவு வந்துவிட்டாலோ, ஒரு கணமும் தாமதிக்கலாகாது. மேலே வைத்த பெட்டியை நினைக்கவும் கூடாது. 2024 ஜனவரி 2ஆம் தேதி, தோக்கியோவின் ஹனேதா நிலையத்தில், ஓடுபாதையில் நின்ற வேறொரு விமானத்தில் மோதித் தீப்பற்றிய ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானத்திலிருந்து 379 பேரும் உயிருடன் வெளிவந்தார்கள். மூட்டை முடிச்சுகளை அங்கேயே விட்டு வந்தது அதற்கு முக்கியக் காரணங்களுள் ஒன்று. வழியை அடைந்ததும், கைகளை மார்பில் கட்டிக்கொண்டு சறுக்குப்பாதையில் குதிக்க வேண்டும். கீழே இறங்கியதும் விமானத்தை விட்டு விலகி ஓட வேண்டும்.

வழக்கம்போல இறங்கிவிட்டால், மிச்சமிருப்பது நிலையத்து வேலைதான். விமானம் ஏறும் சீட்டையும் (போர்டிங் பாஸ்) பெட்டிக்கு ஒட்டிய சீட்டின் பாதியையும் பத்திரப்படுத்துக. உள்நாட்டுப் பயணமாயின், காத்திருக்கும்போது சிற்றுண்டி கேட்பது உரிமை. தாமதம் ஆறு மணி நேரத்தைத் தாண்டினால், மாற்று விமானமோ முழுப்பணமோ கேட்கலாம். வெளிநாட்டுப் பயணம் ரத்தாகி, நிலையத்தை விட்டு வெளியே அனுப்பப்படுவோர், கடவுச்சீட்டில் குத்திய புறப்பாட்டு முத்திரையைக் குடியேற்ற அதிகாரி ரத்து செய்திருக்கிறாரா என்று அங்கேயே புரட்டிப் பார்த்துக்கொள்வது அவசியம்.