யார் செய்த பாவம்?



"ஐயா, தாய்மாமனைக் கட்டிக்கொண்டதால்தான் என் பிள்ளைக்கு இப்படி ஆயிற்றா?" என்று ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஓர் இளம் தாய் என்னிடம் கேட்டார். குழந்தைக்கு இரண்டு கண்களிலும் புரை, காதும் கேட்கவில்லை. வீட்டார் பழியை அவர்மேல் போட்டிருந்தார்கள்.

யோவான் 9-ஆம் அதிகாரத்தில் சீஷர்களும் பிறவிக் குருடனைப் பார்த்து இதைத்தான் கேட்டார்கள். ஆண்டவரோ அவன்மேலும் பெற்றோர்மேலும் பழி சுமத்தவில்லை.

நெருங்கிய உறவில் மணம் செய்வதால் சில பரம்பரை நோய்கள் கூடுவது உண்மையே. ஆனால் பரம்பரை நோயைப்போலவே தோன்றி, வெளிக் காரணத்தால் வருபவையும் உண்டு. ரிச்சர்ட் கோல்ட்ஷ்மிட் என்ற விஞ்ஞானி 1935-இல் இவற்றுக்கு 'ஃபீனோகாப்பி' என்று பெயரிட்டார். நகல் என்று நாம் சொல்லலாம்.

1941-இல் ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் நார்மன் கிரெக், பிறவிக் கண்புரையுள்ள 78 குழந்தைகளைப் பற்றி எழுதினார். அவர்களுடைய தாய்மார்களில் பெரும்பாலோருக்குக் கர்ப்பத்தின் தொடக்கத்தில் ரூபெல்லா என்னும் ஜெர்மன் தட்டம்மை வந்திருந்தது. தாய்க்கு லேசான காய்ச்சலும் தடிப்பும் வந்து மூன்று நாளில் மறைந்துவிடும். ஆனால் முதல் 12 வாரங்களில் வந்தால், உருவாகிவரும் கண், காது, இருதயம் ஆகியவற்றைக் கிருமி தாக்கும்.

அந்தக் குழந்தையின் இரத்தப் பரிசோதனையும் ரூபெல்லாவையே காட்டியது. இதனால் என்ன பயன்? பெற்றோர் இருவரும் மறைவாகச் சுமக்கும் மரபணுக் குறையானால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு ஆபத்து உண்டு. ரூபெல்லாவானால், தாயின் உடலில் எதிர்ப்புச் சக்தி உண்டாகிவிடுவதால் அடுத்த பிள்ளைக்கு அந்தப் பயம் அநேகமாக இல்லை. இதைக் கேட்டபின்தான் அந்தத் தாய் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

தமிழ்நாட்டில் 2017 பிப்ரவரியில் 9 மாதம் முதல் 15 வயதுக்குட்பட்டோருக்குத் தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி இயக்கம் தொடங்கியது. அன்று அந்த வயதைக் கடந்திருந்த பெண்கள் பலர் ஊசி போடாதவர்களாய் இருக்கலாம். ஸ்ரீபெரும்புதூர் விடுதிகளில் தங்கி வேலை செய்யும் பிள்ளைகளிலும் அப்படிப்பட்டவர்கள் இருக்கக்கூடும்.

ஆகவே, உங்கள் சபையில் திருமண ஆலோசனை கொடுக்கும்போது இதையும் சொல்லுங்கள். ஊசியைக் கர்ப்பத்துக்கு முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். போட்டபின் ஒரு மாதம் கர்ப்பம் தரிக்கலாகாது. கர்ப்பிணிகளுக்குப் போடக்கூடாது.

பிள்ளையின் குறையைக் கண்டால் குற்றவாளியைத் தேடாதிருங்கள், காரணத்தைத் தேடுங்கள். அந்தத் தாய்க்காகவும் பிள்ளைக்காகவும் ஜெபியுங்கள்.