சாகச ஆட்டம் எழுதுகிறவர்கள் கூடிப் படிக்க: செங்கல்பட்டு, மாமல்லபுரம் பக்கத்தாருக்குச் சில குறிப்புகள்

ஒருவர் கதையை நடத்துவார். நாலைந்து பேர் வீரர், வணிகர், மந்திரவாதி என்று பாத்திரங்களாக மாறி, பகடை உருட்டி, மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடுவார்கள். 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்ட ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ வழியாகப் பரவிய ரோல்பிளேயிங் கேம் இதுதான். இந்த ஆட்டத்துக்கான சாகசத்தை நோட்டு நோட்டாக எழுதிவைக்கும் பிள்ளை உங்கள் வீட்டிலேயே இருக்கலாம். தனியாக எழுதினால் பாதியில் நின்றுபோகிற வேலை இது. ஒருவர் எழுதியதை மற்றவர்கள் படித்து, ஆடிப் பார்த்து, குறை நிறை சொல்லும் சின்னக் குழுவை வீட்டு ஹாலிலேயே தொடங்கிவிடலாம்.

1. நாலு பேர் போதும், ஆறு பேருக்கு மேல் வேண்டாம். எல்லாரும் எழுதுகிறவர்களாக இருக்கட்டும். அடுத்த மாதம் தன் எழுத்தும் இதே மேசைக்கு வரும் என்று தெரிந்தவர், இன்றைக்குப் பிறர் எழுத்தைக் கவனமாகப் படிப்பார். வேடிக்கை பார்க்க ஆசைப்படுகிறவர்களை ஆட்ட நாளுக்கு அழையுங்கள்.

2. செங்கல்பட்டுக்கு மின்சார ரயில் உண்டு. மாமல்லபுரத்துக்கு ரயிலே கிடையாது. இரண்டு பக்கத்திலிருந்தும் ஆட்கள் வருவதானால் நடுவில் இருக்கும் திருக்கழுக்குன்றத்தில் கூடுவது எல்லாருக்கும் நியாயம். ஊர் நூலகத்தில் வாசகர் வட்டம் நடந்தால் நூலகரிடம் பேசிப் பாருங்கள், இடம் கிடைக்கலாம். கடைசி பஸ் எப்போது என்று தெரிந்துகொண்டு, அதற்கு ஒரு மணி நேரம் முன்பே முடித்துவிடுங்கள்.

3. படிக்கும் நாளும் ஆடும் நாளும் தனித்தனியாக இருக்கட்டும். ஆட்டம் சூடு பிடித்துவிட்டால் யாருக்கும் குறிப்பெடுக்கக் கை வராது.

4. இந்தப் பட்டியலில் ஒன்றை மட்டும்தான் கடைப்பிடிக்க முடியும் என்றால் இதைக் கடைப்பிடியுங்கள்: எழுதியவர் தன் சாகசத்தைத் தானே நடத்தக் கூடாது. அவர் தலைக்குள் எல்லாம் இருக்கிறது. தாளில் விட்டுப்போனதை வாயால் நிரப்பிவிடுவார். ஆட்டம் அருமையாகப் போகும். தாளில் இருக்கும் ஓட்டை யார் கண்ணிலும் படாது. வேறொருவர் கையில் தாளைக் கொடுங்கள். எழுதியவர் ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்து, நடத்துகிறவர் எங்கே பக்கத்தைப் புரட்டித் தேடுகிறார், எங்கே திகைத்து நிற்கிறார் என்று மட்டும் குறித்துக்கொள்ளட்டும். ஒரு கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது மூன்றாம் பக்கத்திலும், அதன் சாவி யாரிடம் என்பது ஒன்பதாம் பக்கத்திலும் கிடந்தால், அப்போதுதான் தெரியவரும். கைகாக்ஸின் ‘டூம் ஆஃப் ஹாரர்ஸ்’ 1978இல்தான் அச்சானது. அதற்கு முன்பே, 1975இல், அமெரிக்காவின் ஆரிஜின்ஸ் மாநாட்டில் அதைப் போட்டி ஆட்டமாக வைத்திருந்தார்கள். போட்டி என்றால் பல மேசைகளில் பல பேர் ஒரே தாளை வைத்து நடத்தியாக வேண்டும். மேசைக்கு மேசை கதை மாறினால் போட்டி எப்படி நியாயமாக இருக்கும்? எழுதியவர் பக்கத்தில் இல்லாமலே ஓடக்கூடிய எழுத்துதான் சாகச எழுத்து. குழு தொடங்குவதே அதற்காகத்தான்.

5. கருத்துச் சொல்லும்போது எழுதியவர் பேசக் கூடாது. 1956இல் அமெரிக்காவின் மில்ஃபோர்டில் டேமன் நைட் முதலான அறிவியல் புனைகதை எழுத்தாளர்கள் தொடங்கிய பட்டறையின் பெயராலேயே வழங்கும் முறை இது: எல்லாரும் முன்கூட்டியே படித்துவிட்டு வருவார்கள், வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொருவராகச் சொல்வார்கள், எல்லாரும் முடித்த பிறகே எழுதியவர் வாய் திறப்பார். நம் மரபு இதற்கு நேர் எதிர். தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில் அரங்கேறியபோது அதங்கோட்டாசான் குற்றம் கேட்கக் கேட்கத் தொல்காப்பியர் விடை சொன்னார் என்று நச்சினார்க்கினியர் உரை சொல்கிறது. அறிஞர் அவைக்கு அது பொருந்தும். உங்கள் சாகசமோ முகம் தெரியாத ஒருவர் வீட்டுக்குத் தனியாகப் போகப்போகிறது. அங்கே வந்து நீங்கள் விடை சொல்ல முடியாது. ஆகவே இங்கேயும் சொல்ல வேண்டாம்.

6. “நல்லாருக்கு” என்பது கருத்து ஆகாது. “போர் அடிக்குது” என்பதும் ஆகாது. எந்தப் பக்கம், எந்த அறை, அந்த இடத்தில் ஆட்டக்காரர்கள் என்ன செய்தார்கள் என்று சொல்லுங்கள். “ஐந்தாம் பக்கத்தில் படகோட்டி யார் பக்கம் என்று எனக்குத் தெரியவில்லை, அதனால் அவர் பேசியதை நானே இட்டுக்கட்டினேன்” என்று நடத்தியவர் சொல்வது தங்கமான கருத்து. திருத்தம் சொல்வதைவிடத் தடுமாறிய இடத்தைக் காட்டுவதே நல்லது. எப்படித் திருத்துவது என்பது எழுதியவர் வேலை.

7. இருபது பக்கப் பகடை கிடைக்கவில்லையா? ஒரே அளவில் இருபது துண்டுச் சீட்டு வெட்டி, 1 முதல் 20 வரை எழுதி, ஒரே மாதிரி மடித்து டப்பாவில் போடுங்கள். எடுத்த சீட்டைத் திரும்பப் போட்டுக் குலுக்க மறக்காதீர்கள், இல்லையென்றால் வாய்ப்புக் கணக்கே மாறிவிடும். பஜ்ஜி, வடையை இடைவேளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய்க் கை பட்ட தாளில் பென்சில் குறிப்பு ஏறாது.

8. பனிமலை, டிராகன் குகை என்று பார்த்திராத நாட்டை எழுதுகிறவர்களிடம், சொந்த ஊரை ஒருமுறை எழுதச் சொல்லிப் பாருங்கள். 2022இல் வந்த ‘ஜர்னீஸ் த்ரூ தி ரேடியன்ட் சிட்டடெல்’ என்ற டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் தொகுப்பில் கொல்கத்தாவைச் சேர்ந்த மிமி மொண்டல் எழுதிய சாகசம் இருக்கிறது. நம்மிடம் சரக்கு குறைவா? மாமல்லபுரம் குன்றின் மேலே ஒலக்கணேசுவரர் கோயில் இருக்கிறது. புதிய கலங்கரை விளக்கம் கட்டுமுன் அதன் உச்சியில்தான் கப்பல்களுக்கு விளக்கு வைத்தார்கள். ஓர் இரவு அந்த விளக்கு அணைந்துவிட்டது என்று தொடங்கினால் போதும், ஆட்டக்காரர்கள் தாங்களாகவே படியேறுவார்கள். சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக் கோட்டையும் உள்ளே பழைய கல்லறைகளும் உள்ளன. 1782 பிப்ரவரியில் அதற்கு எதிரே கடலில் ஆங்கிலேயக் கப்பல்களும் பிரெஞ்சுக் கப்பல்களும் மோதின. குழுவில் ஒருவர் ஊர் விவரம் சரிபார்க்கும் பொறுப்பை எடுத்துக்கொள்ளட்டும். பல்லவர் காலக் கதையில் டச்சுக் கோட்டை வரக் கூடாது. செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் ஏறக்குறைய 30 கிலோமீட்டர். நடந்து போகும் பாத்திரங்களுக்கு அது ஒரு முழுப் பகல். இதையெல்லாம் சரியாக எழுதினால், கொக்கிலமேட்டுக்காரர் ஆடும்போதும் நம்பி ஆடுவார்.

9. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமியின்போது கடல் உள்வாங்கியதும், அதன் பிறகு சாளுவன்குப்பத்தில் தொல்லியல் துறை தோண்டியபோது மணலுக்கடியிலிருந்து பழைய முருகன் கோயில் வெளிப்பட்டதும் எந்த எழுத்தாளரையும் இழுக்கும். எழுதுங்கள். ஆனால் அந்தக் காலையில் சொந்தங்களை இழந்தவர்கள் இந்தக் கரையெங்கும் இருக்கிறார்கள், உங்கள் மேசையிலேயே ஒருவர் இருக்கலாம். ஆட்டம் தொடங்குமுன் எது வேண்டாம் என்று எல்லாரையும் கேளுங்கள். மேசை நடுவில் ‘எக்ஸ்’ போட்ட அட்டை ஒன்றை வையுங்கள். ஜான் ஸ்டாவ்ரோபவுலோஸ் பரப்பிய வழக்கம் இது. யார் அதைத் தொட்டாலும் காரணம் கேட்காமல் அந்தக் காட்சியை விட்டுவிட வேண்டும். மனிதர்களை எழுதும்போதும் இதே அக்கறை வேண்டும். இப்பகுதிப் பழங்குடியினரான இருளர்களைக் காட்டில் திரியும் மர்மக் கூட்டமாக எழுதிவந்தால் குழு அங்கேயே நிறுத்திப் பேச வேண்டும். 1978இல் தொடங்கி, வடநெம்மேலியில் இயங்கும் அவர்களுடைய கூட்டுறவுச் சங்கம் எடுத்துத் தரும் பாம்பு நஞ்சு, முறிமருந்து தயாரிக்கப் போகிறது. அந்த அறிவும் கைத்திறனும் உள்ள ஒருவரைக் கதையில் பேச வையுங்கள், சாகசம் தானாக உயரும்.

10. தமிழில் எழுதுங்கள். நடத்துகிறவர் உரக்கப் படிக்க வேண்டிய பகுதி நாலு வரிக்குள் இருக்கட்டும். அதற்கு மேல் போனால் கேட்கிறவர் கை தானாகப் போனுக்குப் போகும். பாத்திரங்கள் பேச்சுத் தமிழில் பேசட்டும். விதிகள் மட்டும் நேரான, குழப்பமில்லாத உரைநடையில் இருக்கட்டும்.

11. குழுவில் கேட்ட யோசனை குழுவை விட்டு வெளியே போகாது என்று முதல் நாளே பேசிவைத்துக்கொள்ளுங்கள். எழுத்தின் உரிமை எழுதியவருக்கே. இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி அதற்குப் பதிவு கட்டாயமில்லை. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விதிகளின் மீது கட்டி எழுதுகிறவர்கள், 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளிவந்த எஸ்.ஆர்.டி. 5.1 என்ற விதித் தொகுப்பை மட்டும் பயன்படுத்துங்கள். மூலத்தைக் குறிப்பிட்டால் போதும், விற்கவும் தடையில்லை. அதில் இல்லாத பாத்திரங்களையும் அரக்கர்களையும் எடுத்தாள வேண்டாம்.

12. திருத்திய பிறகு முதலில் நடத்தியவரிடமே திரும்பக் கொடுக்காதீர்கள். அவருக்கு ஏற்கெனவே வழி தெரியும். வேறொருவர் கையில் கொடுத்து இன்னொரு முறை ஆடுங்கள். அவரும் தடுமாறாமல் நடத்தி முடித்தால், ஏ4 தாளை நடுவில் மடித்துப் புத்தகமாக ஜெராக்ஸ் கடையில் சில பிரதிகள் எடுத்து, குழுவைத் தெரியாத யாருக்காவது ஒன்று கொடுங்கள்.