பிளாஸ்டிக்கில் மின்சாரம் பாயுமா?

இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி. (இயற்பியல்)

செம்புக் கம்பியின் மேல் பிளாஸ்டிக் உறை இருப்பதால்தான் அதனை நாம் அச்சமின்றித் தொடுகிறோம். பிளாஸ்டிக்கில் கார்பன் அணுக்கள் நீண்ட சங்கிலிகளாய் இணைந்துள்ளன. எலெக்ட்ரான்கள் அப்பிணைப்புகளிலேயே கட்டுண்டு கிடப்பதால் மின்னோட்டத்திற்கு உதவுவதில்லை. அப்படியிருக்க, அதே பிளாஸ்டிக்கை மின்கடத்தியாக்குவது எங்ஙனம்?

வேதியியலார் கண்ட வழி ஒன்றுண்டு. 1977-இல் ஷிராகாவா, மெக்டயார்மிட், ஹீகர் ஆகியோர் பாலிஅசெட்டிலீன் படலத்தில் அயோடின் ஆவியைச் செலுத்தி அதன் கடத்துதிறனைப் பன்மடங்கு உயர்த்தினர். 2000-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசும் பெற்றனர். ஆனால் பாலிஅசெட்டிலீன் காற்றுப் பட்டால் கெட்டுவிடும். சாதாரணப் பிளாஸ்டிக்குகளுக்கோ இவ்வழி பொருந்தாது. அங்கேதான் இயற்பியலாருக்கு வேலை வருகிறது. (நான் இயற்பியல் மாணவன் என்பதற்காகச் சொல்லவில்லை!)

வெற்றிடக் கலத்தில் வாயு அணுக்களை அயனிகளாக்கி, உயர் மின்னழுத்தத்தால் முடுக்கிப் படலத்தின் மீது மோதவிடுகிறார்கள். ஒற்றை மின்னூட்டமுள்ள அயனி 50,000 வோல்ட்டில் முடுக்கப்பட்டால் அதன் ஆற்றல் 50,000 எலெக்ட்ரான் வோல்ட். ஒரு கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்பை முறிக்க வேண்டுவதோ ஏறத்தாழ 4.3 எலெக்ட்ரான் வோல்ட்தான். வகுத்துப் பாருங்கள், பதினோராயிரத்துக்கு மேல் வரும். ஆற்றல் முழுவதும் பிணைப்பை முறிப்பதிலேயே செலவாவதில்லை. எனினும் அயனி செல்லும் வழியெங்கும் சங்கிலிகள் அறுபடும் என்பது விளங்கும்.

பிரிந்த ஹைட்ரஜன் வாயுவாக வெளியேறிவிடுகிறது. எஞ்சிய கார்பன் அணுக்கள் தமக்குள் இணைந்து கிராபைட்டை ஒத்த சிறு தீவுகளாகின்றன. பென்சில் கரி மின்சாரத்தைக் கடத்துமல்லவா? அதுபோலத்தான். மோதும் அயனிகள் பெருகப் பெருகத் தீவுகள் நெருங்கி, எலெக்ட்ரான்கள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுகின்றன. படலமும் கறுக்கிறது. விறகு கரியாவது போன்றதே இது. ஆனால் தீயுமில்லை, புகையுமில்லை. மாற்றம் மேற்பரப்பில் சில நூறு நானோமீட்டர் ஆழத்தோடு நின்றுவிடும். அடியில் பிளாஸ்டிக் பழையபடியே வளையும்.

சிலிக்கானில் போரான், பாஸ்பரஸ் அயனிகளைப் பதிப்பதைப் பாடத்தில் படிக்கிறோம். அங்கே பதிந்த அணுதான் பயன் தருகிறது. மோதலால் நேர்ந்த சிதைவைப் பின்னர்ச் சூடேற்றிச் சரிசெய்கிறார்கள். இங்கோ சிதைவே பயன் தருகிறது! இம்முறையில் எனக்கு மிகவும் வியப்பளித்தது இதுவே.

இவ்வாறு கரியான படலம் உலோகத்துக்கு ஈடாகாது. பரப்பில் தேங்கும் நிலைமின்னூட்டத்தை வடியவிட அது போதும். அதற்கு மேல் வேண்டுமாயின் உலோகத்தின் துணை தேவை. ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பிளாஸ்டிக் படலத்தின் மேல் வெள்ளீயமும் ஆன்டிமனியும் சேர்ந்த மெல்லிய பூச்சிட்டு, அயனிக்கற்றையால் அதனைப் பிளாஸ்டிக்கின் மேற்பரப்பில் கலக்கச் செய்தனர். அதன் மின்தடையை வேண்டியவாறு கூட்டவும் குறைக்கவும் முடிந்தது. நம் செய்முறைக் கூடத்தில் பயிலும் பிளாட்டின மின்தடை வெப்பமானிக்கு இணையான வெப்பமானி ஒன்றை அதைக் கொண்டே செய்து 2011-இல் அறிவித்தனர்.

இதற்கான முடுக்கி ஒரு கல்லூரி வாங்கி வைக்கத்தக்க பொருளன்று. ஆயினும் புதுதில்லியில் பல்கலைக்கழகங்களுக்கிடையிலான முடுக்கி மையம் இருக்கிறது. பிற பல்கலைக்கழகங்களின் ஆய்வு மாணவர்களும் விண்ணப்பித்து, தம் மாதிரிகளை எடுத்துச் சென்று, அங்கே அயனிக்கற்றையில் வைத்து ஆராயலாம்.