உப்புக் காற்றுக்கு எந்தக் காவலி?

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றிலும் கலப்பு மின்னமைப்பு போட 2024 மார்ச்சில் ஒப்பந்தமானது. செலவு இந்தியாவின் 11 மில்லியன் டொலர் நன்கொடை. காற்றில் 530 கிலோவாற், சூரிய ஒளியில் 1,700 கிலோவாற், சேமிக்க மின்கலங்கள், துணைக்கு டீசல் என்பது திட்டம். பேச்செல்லாம் காற்றாடியையும் சூரியத் தகட்டையும் பற்றியே. அவற்றின் மின்சாரம் வீடு வந்து சேருமா என்பதைத் தீர்மானிப்பதோ கம்பத்து உச்சியில் கம்பியைத் தாங்கும் காவலி.

நெடுந்தீவின் எந்த மூலையும் கடலிலிருந்து சில கிலோமீற்றருக்குள்தான். சோளகக் காற்று வீசும் மாதங்களில் காவலி மீது உப்பு படிந்துகொண்டே போகும். காய்ந்த உப்பால் கேடில்லை. விடியற்காலைப் பனியோ, மாரிக்கு முந்திய தூறலோ அதை நனைக்கும்போது மேற்பரப்பில் மின் கசியத் தொடங்கும். கசிவின் சூட்டில் சில இடங்கள் காய, அந்த இடைவெளிகளில் பொறி தாவும். பொறிகள் ஒன்றுசேர்ந்தால் கம்பியிலிருந்து கம்பம் வரை தீ ஓடி மின் துண்டிக்கப்படும். பெருமழை பெய்தால் உப்புக் கழுவுண்டு போய்விடும்.

காவலி பெரும்பாலும் தோற்பது உள்ளே துளைபட்டு அல்ல, மேற்பரப்பு வழியேதான். காற்றே இல்லாத வெற்றிடத்திலும், மீகடத்திக் கருவிகளின் −269 பாகைக் குளிரிலும் பொறியியலாளர் அஞ்சுவது இதற்குத்தான். அங்கே உப்பு இல்லை. மேற்பரப்பில் மோதும் இலத்திரன்கள் மேலும் இலத்திரன்களைக் கிளப்பி, ஒட்டியிருந்த வாயுவையும் விடுவித்துப் பாதை திறக்கின்றன.

ஆகவே பொருளைப் பார்க்குமுன் மேற்பரப்பின் நீளத்தைப் பாருங்கள். ஐஈசி 60815 நியமத்தின் மிகக் கடுமையான மாசு வகுப்புக்கு, கம்பிக்கும் நிலத்துக்கும் இடையிலான ஒவ்வொரு கிலோவோல்றுக்கும் 53.7 மில்லிமீற்றர் வேண்டும். 11 கிலோவோல்ற் லைனின் உச்ச அழுத்தத்துக்கு அது ஏறத்தாழ 372 மில்லிமீற்றர். மாசு மிகக் குறைந்த உள்நாட்டு ஊருக்கு 152 போதும். அந்த உள்நாட்டுக் காவலியை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், தீவுகளுக்கென்று குறிகட்டுவானில் வள்ளம் ஏற்றக் கூடாது.

பீங்கான் வெயிலுக்கும் பொறிக்கும் அசையாது. பல பத்தாண்டு நிற்கும். ஆனால் அதன் மேல் தண்ணீர் படலமாகப் பரவும். உப்புக்கு அதுவே பாதை. அடிக்கடி கழுவ வேண்டும். நல்ல தண்ணீருக்கு மக்கள் அலையும் தீவில் எதைக் கொண்டு கழுவுவது? உவர்க் கிணற்று நீர் உப்பைத் திரும்பவும் பூசிவிடும். விரிசல் விட்டாலும் கீழிருந்து தெரியாது.

கண்ணாடியும் நனைவதில் அப்படியே. பழுதானால் தட்டு முழுதாக நொறுங்குவதால் நிலத்தில் நின்றே கண்டுகொள்ளலாம் என்பது அதன் பலம்.

சிலிக்கோன் இறப்பரில் தண்ணீர் துளிகளாகத்தான் நிற்கும். அதைவிட முக்கியம், உள்ளிருந்து கசியும் மெல்லிய சிலிக்கோன் எண்ணெய் மேலே படிந்த உப்பையும் தண்ணீர் ஒட்டாததாக்கிவிடும். ஓயாத ஈரத்தில் அந்தக் குணம் குறையலாம், காய்ந்தால் மீளும். எடை மிகக் குறைவு, கடற்பயணத்தில் உடையாது. ஆயுள் பீங்கானைவிடக் குறைவென்றாலும் நெடுந்தீவுக்கு நான் சொல்வது இதைத்தான். குறிப்பாகச் சோளகத்தை நேரே வாங்கும் கரையில் வேறெதையும் போட வேண்டாம். ஏற்கெனவே உள்ள பீங்கான்களைக் கழற்றி எறியவும் தேவையில்லை. சிலிக்கோன் பூச்சு அடிக்கலாம். சில ஆண்டுகளில் அதைத் திரும்ப அடிக்க வேண்டிவரும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

வாங்கும்போது இரண்டு விடயம். ‘பொலிமர்’ என்று எழுதியதெல்லாம் சிலிக்கோன் அல்ல. ஈபிடிஎம் இறப்பருக்கு அந்த மீளும் குணம் இல்லை. கேள்விப்பத்திரத்தில் பொருளின் பெயரையே எழுதுங்கள். அடுத்தது, இரும்பு முனையும் இறப்பரும் சேரும் இடத்து அடைப்பு. அதில் ஈரம் புகுந்தால் உள்ளிருக்கும் கண்ணாடி நார்த்தண்டு அமிலத்தில் அரிபட்டு, முன்னறிவிப்பின்றி முறியும். பெட்டியைத் திறந்ததும் இறப்பரைத் தடவிப் பார்க்குமுன் அந்த முனையைப் பாருங்கள்.