மடக்குக் கத்திக்குப் பூட்டு வேண்டுமா?

கேள்வி: பழம் நறுக்க, கயிறு அறுக்க ஒரு மடக்குக் கத்தி வாங்கப் போகிறேன். பூட்டு உள்ளதாகப் பார்க்க வேண்டுமா?

பதில்: பழத்துக்கு மட்டும் என்றால் வேண்டாம்; சாதாரண சுவிஸ் கத்தியில் உள்ள வில்தகடே போதும். கயிறு என்றதும்தான் யோசனை. அலகு மாட்டிக்கொண்டால் முறுக்கி இழுப்போம். பூட்டில்லாதது விரல்மேல் மடங்கிவிடும். என் ஓட்டு பிரான்சின் ஓப்பினெல் 8-ஆம் எண்ணுக்கு. அலகு 8.5 செ.மீ. 1955-இல் வந்த அதன் பூட்டு வெறும் உலோக வளையம்: விரித்தபின் திருகினால், வளையத்தின் திறப்பு விலகி, அலகு மடங்க வழியில்லாமல் நிற்கும். பிடி மரம், நனைந்தால் உப்பி, திறக்க அடம்பிடிக்கும். வேறு கத்தி, அதுவும் பிடியின் உள்தகடே பூட்டாக நிற்கும் லைனர் லாக் வகையானால், கடையிலேயே விரித்து, உள்தகடு அலகின் அடிப்பாகத்தில் நன்றாக முட்டி நிற்கிறதா என்று பாருங்கள். விமானப் பயணத்தில் கைப்பையில் வைத்தால், சோதனையில் பிடுங்கிக்கொள்வார்கள்.