சாய்மனைக் கதிரை சொல்லித்தந்த இரசாயனம்

எங்கள் வீட்டுப் பின்விறாந்தையில் ஒரு சாய்மனைக் கதிரை கிடந்தது. பலா மரத்தில் செய்தது. முதுகுக்கும் இருக்கைக்கும் பிரம்புப் பின்னல், இரண்டு பக்கமும் காலை நீட்டி வைக்கக்கூடிய நீளமான கைகள். வாப்பாவின் வாப்பாவை நாங்கள் அப்பா என்றுதான் கூப்பிடுவோம். அது அவருடைய கதிரை. அவர் மௌத்தாகி மூன்று மழைக்காலம் கழிந்துவிட்டது. சாரல் பட்டுப் பட்டு மெருகு வெளிறி, ஓரங்களில் பால் சிந்தியதுபோல் வெண்மை படர்ந்திருந்தது.

ஒரு நாள் பழைய தளபாடம் வாங்க வந்த ஒருவர் அதைக் கண்டு விலை பேசினார். வாப்பாவுக்கு அரைமனது. உம்மும்மா ஒன்றும் சொல்லாமல் எழுந்து உள்ளே போய்விட்டார். "லீவு முடியும் மட்டும் வச்சிருங்க வாப்பா, நான் சரியாக்கித் தாறன்" என்று சொல்லிவிட்டேன். உயர்தரத்தில் இரசாயனவியல் படிக்கிறேன் என்ற துணிவுதான்.

அந்தத் துணிவு முதல் நாளே பிழைத்தது. கடையில் கிடைத்த முரட்டுச் சேன்ட் பேப்பரை வாங்கிவந்து பின்கால் ஒன்றைத் தேய்தேயென்று தேய்த்தேன். அரைமணி நேரத்தில் கபில நிறம் போய், அறுத்த மஞ்சள் கிழங்கு போல் பளீரென்று ஒரு கால்! மற்ற மூன்றும் பழைய நிறத்தில். பலாவின் வைரம் வெட்டும்போது மஞ்சளாகவே இருக்கும். பௌத்த துறவிகளின் சீவரத்துக்குச் சாயம் எடுத்த மரமல்லவா? வெளிச்சமும் காற்றும் பட்டு ஆண்டுக்கணக்கில்தான் அது செங்கபிலமாக மாறுகிறது. நான் உரித்தெடுத்தது அழுக்கை அல்ல, அந்த ஆண்டுகளை. அதை எந்தக் கடையிலும் தகரத்தில் அடைத்து விற்கமாட்டார்கள்.

அடுத்த தெருவில் தச்சுவேலை செய்யும் பாஸ் ஒருவர் காலைப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தார். "பேப்பரக் கடைசியா எடுக்கணும் புள்ள. முதல்ல கழுவு, பிறகு என்ன பூசியிருக்கென்டு பாரு." இந்தத் துறையின் பாதிப் பாடம் அந்த இரண்டு வசனத்தில் இருக்கிறது.

கழுவுவது என்றால் வாளித் தண்ணீரை ஊற்றுவதல்ல. சவர்க்காரம் கொஞ்சம் கலந்த நீரில் துணியை நனைத்து, நன்றாகப் பிழிந்து துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்ற வேண்டும். பழைய மெழுகு படிந்திருந்தால் தேர்பன்டைன் தொட்ட துணி அதைக் கரைத்தெடுக்கும். பல தளபாடங்களுக்கு இதற்குமேல் ஒன்றுமே தேவைப்படாது.

அடுத்தது பரிசோதனை. கதிரையின் அடியில், கண்ணுக்குப் படாத இடத்தில், மெதிலேற்றிய ஸ்பிரிட்டில் தோய்த்த பஞ்சை ஒரு நிமிடம் வைத்துப் பார்த்தேன். பிசுபிசுவென்று ஒட்டியது. அப்படியானால் மேற்பூச்சு அரக்கு. ஸ்பிரிட்டுக்கு அசையாமல் தின்னருக்கு இளகினால் லெக்கர். இரண்டுக்கும் அசையாவிட்டால் எண்ணெய் வார்னிஷோ பொலியூரிதேனோ ஆகலாம். அரக்கு என்றதும் எனக்குப் பாதி உயிர் வந்தது. அரக்குப் பூச்சி சுரக்கும் பிசின் அது. கரைப்பான் ஆவியாவதால் மட்டுமே காய்கிறது, வேறு எந்தத் தாக்கமும் இல்லை. ஆகவே எத்தனை வருடம் போனாலும் ஸ்பிரிட்டில் திரும்பக் கரையும். பழைய பூச்சைச் சுரண்டத் தேவையில்லை. புதியது பழையதோடு கரைந்து ஒரே படையாகிவிடும். வெண்மை படர்ந்ததும் மரத்தில் அல்ல, பூச்சுக்குள் சிக்கிய ஈரத்தால்தான். ஸ்பிரிட் இலேசாகத் தொட்ட துணியால் நீவியபோது அது பெரும்பாலும் மறைந்தது.

அரக்குச் செதிள் 100 கிராமை அரை லீற்றர் ஸ்பிரிட்டில் போட்டு, போத்தலை மூடி ஓர் இரவு வைத்து, மறுநாள் மெல்லிய துணியில் வடித்தேன். தேவைக்கு மட்டும் கரைப்பதே புத்தி. மாதக்கணக்கில் வைத்தால் அரக்கிலுள்ள அமிலங்கள் அற்ககோலோடு சேர்ந்து எசுத்தர்களாகி, பூசினால் இறுகாமல் பிசுபிசுக்கும். பரீட்சைக்காகப் பாடமாக்கிய எசுத்தராக்கம் போத்தலுக்குள் உட்கார்ந்திருப்பதை அன்றுதான் கண்டேன்.

பூசுவதற்குத் தூரிகையைவிடப் பஞ்சுப் பொட்டலம் நல்லது. பஞ்சைப் பழைய பருத்தித் துணியில் சுற்றி, அரக்கில் நனைத்து, மரத்தின் ரேகை ஓடும் திசையில் நிறுத்தாமல் இழுக்க வேண்டும். நடுவில் நின்றால் அந்த இடத்திலேயே ஒட்டிக்கொள்ளும். மெல்லிய பூச்சாக ஏழெட்டுத் தடவை பூசினேன். இடையில் ஒருமுறை மட்டும் மிக நுண்ணிய பேப்பரால் மெதுவாக நீவினேன். மழை இருட்டு உள்ள நாளில் தொடக்கூடாது. காற்றின் ஈரம் உள்ளே போய்த் திரும்பவும் வெண்மை பூக்கும். நான் இரண்டு நாள் வானத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

கையுறை கட்டாயம். ஸ்பிரிட்டில் மெதனோல் இருக்கிறது. கதவைத் திறந்துவைத்து, அடுப்புக்கு எட்டத்தில் வேலை செய்ய வேண்டும். எங்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. அரக்கு நகத்திலும் தோலிலும் படையாகக் காய்ந்துவிட்டால் தண்ணீர் உள்ளே சேராது, வுழூ கூடாது. அஸர் பாங்கு சொல்லும் நேரத்தில் பத்து விரலையும் ஸ்பிரிட்டில் துடைத்துக்கொண்டு நின்ற அனுபவத்தில் சொல்கிறேன்.

ஆளிவிதை எண்ணெய் பூச விரும்புகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அது ஆவியாகிக் காய்வதில்லை; காற்றிலுள்ள ஒட்சிசனோடு தாக்கமடைந்து இறுகுகிறது, வெப்பமும் வெளிவருகிறது. எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் அந்த வெப்பம் வெளியேற வழியின்றித் தானாகவே தீப்பற்றலாம். வெளியில் விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீரில் அமிழ்த்துங்கள். பழைய தொட்டில், கதவு போன்றவற்றில் நிறப்பூச்சு இருந்தால் தேய்க்கவே வேண்டாம். அக்காலப் பூச்சுகளில் ஈயம் இருக்கலாம். அதன் தூசு சிறு பிள்ளைகளுக்கு நஞ்சு.

எல்லாம் முடிந்து கைகளுக்கு வந்தேன். வலது கையின் நுனி மட்டும் கறுத்து, வழவழவென்று, ஒரு பள்ளம்போல் தேய்ந்திருந்தது. அப்பா தஸ்பீஹ் பிடித்த கையை வைக்கும் இடம். ஸ்பிரிட் துணியோடு குனிந்தபோது உம்மும்மா பின்னால் நின்றார்.

"மகள், அதை மட்டும் தேய்க்க வாணாம்."

"அழுக்கு உம்மும்மா."

"அழுக்கில்ல. அது அவர்ட கை."

எண்ணெய்ப் பிசுக்கின்மேல் அரக்கு சரியாகப் பிடிக்காது என்பது விதி. வழித்துவிட்டுப் பூசினால் இரண்டு கையும் ஒன்றுபோல் மின்னும். ஆனால் மஞ்சள் கால் எதிரிலேயே நின்றது. ஒருமுறை உரித்ததைத் திரும்ப ஒட்டமுடியாது என்று அது சொல்லித்தந்தாயிற்று. வலது கையை ஈரம் பிழிந்த துணியால் ஒருமுறை ஒற்றிவிட்டு, தேன்மெழுகு மட்டும் இலேசாகத் தடவி விட்டேன். இப்போது இடது கை மின்னுகிறது, வலது கை கறுப்பாகவே இருக்கிறது. வருகிறவர்கள் வேலை அரைகுறை என்று நினைக்கிறார்கள். நினைக்கட்டும்.

விலை பேசியவர் மறுபடி வந்தபோது, "அது குடுக்கிறதுக்கில்ல" என்று வாப்பாவே சொல்லி அனுப்பினார். மஞ்சள் கால் வெயில் பக்கம் இருக்கும்படி கதிரையை முன்விறாந்தையில் திருப்பிப் போட்டிருக்கிறேன். இரண்டு மாதத்தில் கொஞ்சம் கறுத்திருக்கிறது. பிரம்புப் பின்னல் இரண்டு இடத்தில் விட்டுப்போயிருப்பதால் இன்னும் யாரையும் உட்காரவிடவில்லை. பிரம்பைத் தண்ணீரில் ஊறவைத்துப் பின்னப் பழக வேண்டும். அது அடுத்த லீவுக்கு. அதுவரை உம்மும்மா பக்கத்தில் முக்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, வலது கைமேல் தன் கையை வைத்துக்கொண்டு யாஸீன் ஓதுகிறார்.